கல்லில் வெட்டிய 'ரெலிக்ட்'

போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்டெல்லா என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள். எங்கள் தெருக்காரி, பள்ளிக்கூட டீச்சர். முப்பதுகூட ஆகவில்லை. புருஷன் எட்வின் செத்து மூன்று வருஷம்.

"அண்ணே, இதைப் படிங்க."

புதுக் கல். எட்வினின் அண்ணன் தாவீது நட்டது. பெங்களூர் தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், நாம் பேசுவது தமிழ், ஜெபிப்பது தமிழ்... செத்தால் மட்டும் இங்கிலீஷ்! எட்வின் பெயருக்குக் கீழே 'ரெலிக்ட்' என்று ஒரு சொல். அடுத்து ஸ்டெல்லாவின் பெயர், பிறந்த வருஷம். இறந்த வருஷத்துக்கு இடம் விட்டிருந்தது.

உயிரோடு நிற்கிறவள் பெயர்!

"எனக்கு இங்கிலீஷ் தெரியும். இந்த வார்த்தைய மட்டும் எங்கயும் பார்த்ததில்ல."

நானும்தான். வீட்டில் டிக்‌ஷனரியைப் புரட்டினேன். விதவை என்று பொருள். செத்தவன் விட்டுப்போன மிச்சம். இப்போது வழக்கில் இல்லையாம். வெள்ளைக்காரனே தூக்கி எறிந்ததை, பழைய துரைமார் கல்லறையைப் பார்த்துத் தாவீது பொறுக்கியிருக்கிறான்.

எதற்கு? ஸ்டெல்லா ஒரு கம்பவுண்டரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். வருகிற ஞாயிறு கோயிலில் கலியாண ஓலை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள்.

தாவீதிடம் நேராகவே போனேன்.

"எங்க வீட்டுப் பொண்ணு சார். எங்க குழியிலதான் அவளுக்கும் இடம். கல்லுல பேர் ஏறினப்புறம் எவன் கட்டுவான்?"

"அப்போ உன் பேரையும் வெட்டிக்கோயேன்யா!"

கதவைச் சாத்திவிட்டான்.

ஆனால் அவன் கணக்குப் பலித்தது. கம்பவுண்டரின் தாய் கல்லைப் பார்த்துவிட்டார். அபசகுனம், இந்தப் பெண் வேண்டாம் என்றார். எனக்கு உட்காரவும் பிடிக்கவில்லை, நடக்கவும் பிடிக்கவில்லை. நடந்தே அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். அவரும் விதவை. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன்.

"மிச்சமா?" வெற்றிலையை மடிக்காமல் வைத்துவிட்டார். "அப்போ இருபது வருஷமா நானும் அதுதானா?"

"தாவீதோட பாஷையில அப்படித்தாம்மா."

வியாழக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் கல் தச்சனோடு ஸ்டெல்லா நின்றாள். "சீட்டுல இருந்ததப் பார்த்து வெட்டினேன். இப்போ உங்க பேரை எடுத்தா கல்லு மூளியாயிடும்மா, பேஜாரு" என்றான்.

"ஆகட்டும்" என்றாள்.

பின்னாலிருந்து ஒரு குரல். "பேரோட நிறுத்தாதப்பா. அந்த வார்த்தையையும் எடு. நல்லா ஆழமா." கம்பவுண்டரின் தாய்!

நாளை ஓலை வாசிக்கிறார்கள். தாவீதுக்கு ஆட்சேபணை இருந்தால் எழுந்து நின்று சொல்லட்டும் — தமிழில்.