கழற்ற மறந்த அடையாள அட்டை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிவாக்கில் அனகாபுத்தூரில் நடந்தது இது.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. பதினான்கு வருடம் பார்த்த அலுவலக வேலையை விட்டுவிட்டு, சமூகப்பணி முதுகலையில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எல்லோரும் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடைசி செமஸ்டர் என்பதால், அடுத்து என்ன என்பதே வீட்டில் தினமும் பேச்சு. பட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கவுன்சலிங் சென்டர் ஆரம்பித்துவிடலாம். இல்லையென்றால், ஒரு மருத்துவமனையில் இருந்தபடியே இன்னும் இரண்டு வருடம் மனநல சமூகப்பணி படிக்கலாம். அதற்கு நுழைவுத்தேர்வு உண்டு, இடங்களும் மிகக் குறைவு. ஆனால் அதை முடித்தால்தான் அரசுப் பதிவு எண் கிடைக்கும்.

“போர்டு மாட்டினா போதும். வர்றவங்க யாரும் உன் லைசென்ஸ் நம்பரைக் கேக்கப் போறதில்ல” என்பார் என் கணவர். கிண்டலாகச் சொல்லமாட்டார். நாற்பதை நெருங்குகிறவள் இன்னும் எத்தனை காலம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள் என்கிற கவலைதான் அவருக்கு. நான் இரண்டு வருடப் படிப்புக்கு விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்து வைத்திருந்தேன். என் களப்பணி மேற்பார்வையாளரின் பரிந்துரைக் கடிதம் மட்டும்தான் பாக்கி. அடுத்த புதன்கிழமை கடைசி நாள்.

களப்பணி ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில். மேற்பார்வையாளர் என்னைவிடப் பத்து வயது இளைய பெண். அன்று அவர் என்னை ஒரு ஹோம் விசிட்டுக்கு அனுப்பினார். இரண்டு மாதமாக மாத்திரை வாங்க வராத ஒருவரை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அவர் ஒரு பைக் மெக்கானிக். கொடுத்திருந்த போன் நம்பர் வேலை செய்யவில்லை.

பல்லாவரத்தில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்துப் போனேன். ஆற்றோரம் ஒன்றையொன்று ஒட்டிய சந்துகள். கதவு எண் எதுவும் வரிசையாக இல்லை. வெயிலில் அரைமணி நேரம் சுற்றிய பிறகு, ஒரு இஸ்திரி வண்டிக்காரரிடம் போய் நின்றேன். மெக்கானிக்கின் பெயரைச் சொல்லி, “ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன், ரெண்டு மாசமா மாத்திரை வாங்க வரல, அதான் பார்க்க வந்தேன்” என்றேன்.

துணி வாங்க வந்திருந்த ஓர் அம்மா என் கழுத்தில் தொங்கிய அட்டையை உற்றுப் பார்த்தார். மருத்துவமனையின் பெயருக்குக் கீழே ‘மனநலப் பிரிவு’ என்று தமிழிலேயே பெரிதாக எழுதியிருக்கும்.

“நம்ம வூட்டு மாடியில தான் கீறாங்க. வாம்மா, நானே காட்றேன்” என்று முன்னால் நடந்தார்.

எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நோயாளியின் ரகசியம் காப்பது பற்றிய தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எடுத்தவள் நான்.

கதவைத் திறந்தது மெக்கானிக்கின் மனைவி. முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அட்டையை, பிறகு எனக்குப் பின்னால் படியில் நின்ற வீட்டுக்கார அம்மாவை. அந்த முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. “உள்ள வாங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கீழே கேட்டுவிடக் கூடாதென்று ஏறக்குறைய கிசுகிசுப்பாகப் பேசினார்.

“இதுக்கு முன்னாடி இருந்த வூட்ல விஷயம் தெரிஞ்சி ஒரே வாரத்துல காலி பண்ணச் சொல்ட்டாங்க மேடம். இங்க யாருக்கும் தெரியாது. வயித்துவலிக்கு மாத்திரை சாப்பிடறாருன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க இன்னான்னா, கார்டு மாட்டிகினு வந்து நிக்கறீங்க.”

அவர் கணவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெளிவாகத்தான் இருந்தார். மாத்திரையை நிறுத்தவே இல்லையாம். எங்களிடம் வந்தால் ஒரு நாள் வேலை போய்விடுகிறது என்று, பக்கத்திலேயே ஒரு டாக்டரிடம் அதே மாத்திரையை எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். அதாவது, நான் போகாமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

“வெயில்ல வந்திருக்காங்க, தண்ணி குடும்மா” என்றார் மனைவியிடம். தண்ணீரைக் குடித்துவிட்டு, இனி போனிலேயே கேட்டுக்கொள்கிறோம் என்று சொல்லி அவர் மனைவியிடம் புது எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அட்டையைக் கழற்றினேன். வீட்டுக்கு வந்ததும் களப்பணிக் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘நோயாளியை நேரில் சந்தித்தேன். மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறார். வேறு மருத்துவரிடம் தொடர் சிகிச்சையில் உள்ளார்.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அட்டையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எப்படிப் போயின என்று தெரியாது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். போன் அடித்தாலே திக்கென்றது. அந்தக் குடும்பத்தை இந்நேரம் வெளியே அனுப்பியிருப்பார்களோ, மருத்துவமனைக்குப் புகார் போயிருக்குமோ, கடிதம் கிடைக்காமல் போய்விடுமோ என்று மாற்றி மாற்றி ஓடியது. இதில் எந்தப் பயம் பெரியது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் எனக்கே அசிங்கமாக இருந்திருக்கும்.

கணவரிடம் சொன்னேன். “நீ வேணும்னா பண்ணின? விடு. இதுக்குத்தான் சொல்றேன், நம்ம ரூம்ல உக்காந்துட்டா இந்த வம்பே கிடையாது” என்றார்.

அந்த நிமிடம் அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் ஞாயிறு மதியம் பாத்திரம் துலக்கும்போது ஒன்று உறைத்தது. அந்த அறையில் உட்கார்ந்து இதே மாதிரி ஒரு தப்பைச் செய்தால், அதை யாரிடம் போய்ச் சொல்வேன்? சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இருக்காது. எனக்கு நானே ‘விடு’ என்று சொல்லிக்கொள்வேன்.

திங்கட்கிழமை காலை மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் கொட்டினேன். குறிப்பேட்டில் எழுதியதை, எழுதாமல் விட்டதை, விண்ணப்பத்தைப் பற்றி, என் பயத்தைப் பற்றி. அவர் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

“அவங்களுக்கு இப்ப என்ன ஆயிருக்கு?”

தெரியாது என்றேன். பத்து நிமிடம் பேசியதில் முக்கால்வாசி என்னைப் பற்றியேதான் பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை அந்த மனைவி கொடுத்த புது எண் என்னிடம் இருந்தது. மேற்பார்வையாளர் உடனே போன் செய்தார். “இப்ப பேச முடியுமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?” என்று முதலில் கேட்டுக்கொண்டுதான் பேசவே ஆரம்பித்தார். வீட்டுக்கார அம்மா மேலே வந்து, பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு, மாசக் கடைசியில் காலி செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தான் நேரில் வந்து அந்த அம்மாவிடம் பேசட்டுமா என்று மேற்பார்வையாளர் கேட்டார். வேண்டாம், நீங்கள் யாரும் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று பதில் வந்தது. “சரி, வர மாட்டோம்” என்றார். பிறகு, நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, என்மேல் புகார் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு என்றும், அதை யாரிடம், எப்படிக் கொடுக்க வேண்டும் என்றும் நிதானமாக விளக்கினார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றாராம் அந்தப் பெண்.

போனை வைத்துவிட்டு மேற்பார்வையாளர் என்னிடம், “இந்த வருஷம் உங்களுக்கு லெட்டர் எழுத மாட்டேன். இன்னும் கொஞ்ச நாள் என்கூட வேலை பாருங்க. அடுத்த வருஷம் கேளுங்க” என்றார். புதன்கிழமை வந்தது, போனது. விண்ணப்பம் அலமாரியிலேயே கிடந்தது.

அதற்கப்புறம் மூன்று வாரம், தினமும் காலையில் மருத்துவமனைப் படி ஏறும்போது, இன்றைக்குப் புகார் வந்திருக்கும் என்ற நினைப்போடுதான் ஏறுவேன். கடைசியில் ஒருநாள் அந்தப் பெண்ணே வந்தார். கணவரின் சிகிச்சை விவரங்களை வேறு இடத்துக்கு மாற்றி வாங்கிக்கொள்ள வந்திருந்தார். காகிதங்களோடு வெளியே வந்தவர் வராந்தாவில் என்னைப் பார்த்து நின்றார். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“வேற வூடு பாத்து வந்துட்டோம். எங்கன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கம்ப்ளெயின்ட்டும் குடுக்கல. உங்களுக்காக இல்ல. அதுக்கு அலைய எனக்கு லீவு கெடைக்காது.”

இரண்டு எட்டு போய்விட்டுத் திரும்பினார்.

“நீங்க இதே வேலைக்குத் தான் வரப்போறீங்களா?”

சொல்லத் தயக்கமாக இருந்தது. ஆமாம் என்றேன்.

“அப்ப நல்லா படிச்சிட்டு வாங்க.”

அதில் பாசம் எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது. பட்டப்படிப்பு முடிந்த பிறகும் அந்த வருடம் முழுக்க மேற்பார்வையாளரோடு வேலை பார்த்தேன். அடுத்த வருடம் அவர் கடிதம் கொடுத்தார். முதல் தடவை நுழைவுத்தேர்வில் தோற்றேன், இரண்டாவது தடவை இடம் கிடைத்தது. இப்போது அந்தப் படிப்பில்தான் இருக்கிறேன். பதிவு எண் வர இன்னும் நாள் இருக்கிறது. என் கணவர் போர்டு பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

அந்தக் குடும்பம் இன்று எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாருடைய வீட்டு வாசலில் போய் நின்றாலும், கதவைத் தட்டுவதற்கு முன் எனக்கு ஒரு கணம் கை தயங்குகிறது, அந்தத் தயக்கம் என்றைக்கும் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.