பதினேழு மணி நேரம்

டொரண்டோவிலிருந்து சென்னைக்கு விமானம் எத்தனை மணி நேரத்தில் வரும் என்று அப்பா என்னைக் கேட்டபோது எனக்குப் பதினோரு வயது. சென்னையை ஒட்டிய கோவில்பதாகையில் எங்கள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. உள்ளே ஐஸ் பெட்டியில் தாத்தா. தெருவே கூடியிருந்த இடத்தில் என்னை ஓர் ஆளாக மதித்துக் கேட்டதில், துக்கத்தையும் மீறி எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வரவேண்டியவள் அத்தை. தாத்தாவுக்கு ஒரே மகள். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு கனடா போனவள். எட்டு வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்து, விமானம் ஏறிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். பெரியப்பாவோ விடிந்ததிலிருந்து ஒரே பிடிவாதமாக இருந்தார்.

"அவ வந்து நின்னா நான் கொள்ளி வைக்கமாட்டேன். நீயே வச்சிக்கோ."

அப்பா அம்பத்தூரில் இருபது வருஷம் லேத் மெஷின் முன்னால் நின்றவர். சத்தத்துக்கு நடுவே பேசாமலிருக்கப் பழகியிருந்தார். சற்று நேரம் கழித்து, எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கூப்பிட்டு அம்மாவின் போனைக் கையில் கொடுத்தார்.

தேடினேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே ஏறக்குறைய பதின்மூன்றாயிரத்து நானூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் சுமார் பதினேழு மணி. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு, "பன்னண்டு மணிக்கு இறங்கிடுவாங்க. ரெண்டுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவாங்க" என்றேன். நான்கு மணிக்கு எடுப்பதென்று முடிவாயிற்று. இரண்டு மணி நேரம் தாராளமாகவே விட்டிருக்கிறோம் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டு ஆனது. மூன்றும் ஆனது. தெருமுனையில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"இன்னா மச்சான், தங்கச்சி வந்துகினு கீறாளா, இல்லியா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவிடம் கேட்டார்.

"கொயந்த சொன்ன டைம் தாண்டிப்போச்சு. வரமாட்டா போல கீது" என்றார் அப்பா.

நான்கு மணிக்கு மேளம் அடித்தது. பெரியப்பா கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தார்.

ஏழு மணிக்கு, சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஆண்கள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தபோது, வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. அத்தை இறங்கி உள்ளே வந்தாள். கூடத்தில் பெட்டி இல்லை, விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நோட்டை நீட்டி, நான்தான் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று அழ ஆரம்பித்தேன். அத்தை அதை வாங்கி மெதுவாகப் படித்தாள்.

"கணக்கு சரியாத்தாம்மா கீது. நிக்காம பறந்தா பதினேழு மணி. நான் துபாய்ல எறங்கி, காத்துனு இருந்து வேற பிளேன் மாறி வந்தேன்." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "டிக்கெட்ட உனக்குத்தானே அனுப்சேன், அண்ணே? வந்து சேர்ற டைம் அதுலயே போட்டிருந்துச்சே. துபாய்ல இருந்து மூணு தபா போன் பண்ணேன். ஏன் எடுக்கல?"

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். பெரியப்பா எழுந்து வெளியே போனார்.

என் கணக்கு சரி என்று அத்தையே சொல்லிவிட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். விடையைத் தன் சட்டைப் பையிலிருந்த போனிலேயே வைத்திருந்தவர், அத்தனை பேர் முன்னால் என்னிடம் எதற்குக் கேள்வி கேட்டார் என்று யோசிக்கும் வயது எனக்கு அப்போது வந்திருக்கவில்லை.