கிறிஸ்துமஸ் கேக்கில் பச்சைக் கற்பூரம்

சிங்கப்பூரில், எங்கள் பிடோக் வீட்டில் கேக் பெட்டியைத் திறந்ததும் என் மகன் மூக்கைச் சுளித்தான். "என்னம்மா, கோயில் மாதிரி ஸ்மெல் வருது?"

எனக்குச் சிராங்கூன் ரோட்டு வீடு நினைவுக்கு வந்தது. அறுபதுகளில் நாங்களும் பக்கத்து அறையில் குடியிருந்த பிலோமினா அத்தை குடும்பமும் அங்கே ஒரே அடுப்படியில்தான் சமைத்தோம். ஒரு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அத்தைக்குப் பிரசவ வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். கேக்குக்கு வாங்கிய மாவும் முட்டையும் மேசைமேல் அப்படியே கிடந்தன.

முட்டையைத் தொட்டே அறியாத என் அம்மா, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு அதை அடித்தார். கவிச்சி போகட்டும் என்று, சர்க்கரைப் பொங்கலுக்குப் போடுவதுபோல ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம் சேர்த்தார். பானை மூடியின்மேல் தணலைப் பரப்பி வேகவைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு துண்டை வாயில் போட்டதும் அத்தை சிரித்துவிட்டார். "என்ன சரசு, மாதாவுக்குப் பொங்கலே வச்சிட்டியா?"

அம்மாவின் முகம் சுருங்கியது. அத்தையோ பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் கேக்கை நீட்டினார். "சாப்பிடுங்க. முட்டையே தொடாதவ எனக்காகச் செஞ்சது!" அம்மாவை ஒட்டி நான் நிமிர்ந்து நின்றேன்.

அதன்பின் கற்பூரம் இல்லாமல் அத்தை கேக் சுட்டதே இல்லை. இன்று இந்தப் பெட்டியை அனுப்பியிருப்பது அன்று பிறந்த அவர் மகள்.

"கோயில் வாசம் இல்லடா," என்றேன். "உன் பாட்டியோட கைமணம்."