மழைக்கு ஓடிய மார்த்தா

ஐம்பத்துமூன்று வயதில் மார்த்தாவுக்கு ஓர் ஆசை இருந்தது. ஒருநாளாவது வெளிச்சம் வந்த பிறகும் எழும்பாமல் படுத்துக் கிடக்க வேண்டும். இதெல்லாம் ஓர் ஆசையா என்று கேட்பவர்கள் பேசாலைக் கரையில் ஒரு மாதம் கருவாடு போட்டுப் பார்க்கட்டும். மூன்றரைக்கு எழும்பித் தேத்தண்ணி வைத்து, புருசன் கிறகரியைக் கடலுக்கு அனுப்பி, மீன் கீறி, உப்பிட்டு, காயப்போட்டு, பொழுது சாயும்வரை காகம் துரத்த வேண்டும். இவ்வளவும் போதாதென்று மழை வேறு. ஒரு துளி விழுந்தாலே ஓடிப்போய் எல்லாவற்றையும் அள்ளித் தார்ப்பாய்ப் படங்கால் மூட வேண்டும், நனைந்த கருவாடு புழுத்துவிடும். அந்த நேரங்களில் கிறகரி ஒன்றில் கடலில் இருப்பார், இல்லாவிட்டால் வீட்டில் நித்திரையில் இருப்பார். படங்கின் மறுமுனையைப் பிடிப்பவள் பக்கத்து வீட்டு றோஸ்மேரிதான். முப்பத்தொரு வருசமாக இதுதான் நடப்பு.

அந்த வருசம் கிறகரி படகுக்குப் புது எஞ்சின் வாங்கினார். வாங்கியவர்களின் பெயர்களைக் குலுக்கிய கடைக்காரர், மூன்றாம் பரிசு விழுந்திருக்கிறது என்று போன் எடுத்துச் சொன்னார். நுவரெலியாப் பக்கம் மலைக்காட்டுக்குள் ஒரு விடுதி. இரண்டு பேருக்கு ஓர் இரவு தங்கல், மறுநாள் கோல்ஃப் விளையாட்டு. கடலோடிக்குக் கொடுக்கிற பரிசைப் பாருங்கள்.

"கோல்ஃப் எண்டால் என்னெண்டு தெரியுமே?" என்று கிறகரி கேட்டார்.

"தெரியாது. அங்க கட்டில் இருக்குமே?"

"மெத்தைக் கட்டிலாம்."

"அப்ப வாறன்" என்றாள் மார்த்தா.

கருவாட்டை றோஸ்மேரியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். மடுச் சந்தியில் மாதாவை நினைத்துச் சிலுவை போட்டதுதான், பிறகு மதவாச்சி, கண்டி என்று பஸ் மாறி மாறியே பகல் போய்விட்டது. பைன் மரங்களுக்கு நடுவிலிருந்த விடுதிக்கு வந்து சேர்ந்தபோது மார்த்தாவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள், மெத்தை கை புதைய அமிழ்ந்தது. நாளைக்கு இதைவிட்டு எழும்புவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டாள்.

அந்த முடிவுக்கு ஆயுள் பத்து நிமிசம். விளையாட்டு காலை ஆறரைக்கு என்று விடுதிக்காரர் வந்து சொன்னார். இரண்டு பேரும் நிற்க வேண்டும், படம் எடுத்துக் கடைக்கு அனுப்ப வேண்டும், பதினொரு மணிக்கு அறையை விட வேண்டும்.

"கொஞ்சம் பிந்தி வைக்கேலாதோ?" என்று கேட்டாள் மார்த்தா.

"பிந்தினால் மழை வரும், அம்மா."

மார்த்தாவுக்கு அழுகை வந்தது. கிறகரி புதுச் சேர்ட்டை மடிப்புக் குலையாமல் கதிரையில் போட்டுக்கொண்டிருந்தார், அவர் கவனிக்கவில்லை.

பழக்கதோசம், மூன்றரைக்கே அவளுக்குக் கண் முழித்துவிட்டது. புரண்டு புரண்டு மறுபடி கண் செருகும் நேரத்தில், "எழும்பு, நேரமாகுது" என்று கிறகரி தோளைத் தட்டினார். பெருநாளுக்குக் கட்டுகிற சீலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

முதலில் பந்தடித்துப் பழகும் புல்வெளிக்குக் கூட்டிப்போனார்கள். கொழும்பிலிருந்து வந்த இரண்டு துரைமார் அங்கே அடித்துக்கொண்டிருந்தார்கள். நூறு, நூற்றைம்பது வெள்ளைப் பந்துகள் புல்லில் பரவிக் கிடந்தன. மட்டைப்பை தூக்குகிற மலையகத்துக்காரர், "இப்படிப் புடிங்கம்மா" என்று மார்த்தாவின் கையில் கம்பைக் கொடுத்தார். அவள் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கி வழிந்தாள்.

நெற்றியில் ஒரு துளி விழுந்தது.

கம்பு எங்கே போனதென்று தெரியாது. முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு மார்த்தா புல்வெளிக்குள் ஓடினாள். குனிந்து, அள்ளி, குனிந்து, அள்ளி, "றோஸ்மேரி, படங்கை இழுடி!" என்று கத்தினாள். துரைமார் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மடி நிறைந்து பந்துகள் கீழே சிந்தத் தொடங்கிய பிறகுதான் கையில் இருப்பது கருவாடல்ல என்று அவளுக்கு உறைத்தது. வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது.

துரைமாரில் ஒருவர் சிரித்தார். பை தூக்குகிறவர் சிரிக்கவில்லை. "பரவாயில்லம்மா, எப்படியும் நாங்கதான் பொறுக்கணும்" என்று பந்துகளை வாங்கிக்கொண்டார்.

கிறகரி பக்கத்தில் வந்து நின்றார். அவள் மழைக்கு ஓடி அவர் கண்டது அன்றைக்குத்தான்.

"ஒவ்வொரு மழைக்கும் இப்பிடியோ ஓடுறனி?"

"பிறகு ஆர் ஓடுறது?" என்றாள் மார்த்தா. கோபமாகச் சொல்லவும் அவளிடம் தெம்பில்லை.

படம் எடுக்க வந்தவரிடம் கிறகரி வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, அவளை அறைக்குக் கூட்டிவந்தார். மாற்றுச் சீலை கட்டிக்கொண்டு படுத்தாள். ஆனால் தகரக் கூரையில் மழை ஓங்கி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டு எழும்பி உட்கார்ந்தாள். மூன்றாம் தரமும் எழும்பியபோது கிறகரி கதிரையை இழுத்துக் கதவடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ படு. மழையை நான் பாக்கிறன்."

இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, விசர் மனுசன் என்று நினைத்தாள். ஆனால் இந்த ஒரு சொல்லை அவர் முன்பு சொன்னதில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் போனதோ, பாதி நித்திரையில், "மழை விட்டிட்டுதோ?" என்று கேட்டாள்.

"ஓம், விட்டிட்டுது" என்றார் கிறகரி.

கூரையில் மழை கொட்டுவது அவளுக்கு நன்றாகவே கேட்டது. மறுபக்கம் திரும்பிப் படுத்து மார்த்தா நித்திரையாகிப் போனாள்.