நடுவழியில் நின்ற கார்

அப்பா இறந்த பிறகு, அவருடைய பழைய அம்பாசடர் காரைத் திருச்செங்கோட்டில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். பல வருடம் சும்மா கிடந்ததைப் பேட்டரி மாற்றிக் கிளப்பினாலும், கொஞ்ச தூரம் ஓடியதும் திணறி நின்றுவிடும். மெக்கானிக் பெட்ரோல் குழாயைக் கழற்றியபோது எழுந்த வாடையில் நான் மறுபடி ஒன்பது வயதுப் பெண்ணானேன்.

அன்றும் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இப்படித்தான் நின்றது. அம்மாவுக்கு நெஞ்சுவலி. அப்பா குழாயை வாயால் உறிஞ்சி உறிஞ்சித் துப்பினார். என் மடியில் தலைவைத்திருந்த அம்மா, "அப்பாவப் பதறாம பாக்கச் சொல்லு சாமி" என்றாள். வண்டி கிளம்பியபோது அவளுக்கு மூச்சில்லை.

அதற்குப்பின் அப்பா அந்தக் காரை எடுக்கவேயில்லை. "எஞ்சின ஒழுங்கா பாக்காம உட்டுட்டேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் டேங்க் மூடியை என்னிடம் நீட்டினார். "எஞ்சின்ல ஒண்ணுமில்லீங்க. எந்தக் காலத்துலயோ பெயிண்ட் அடிச்சப்ப, மூடியில காத்து போற ஓட்டை அடைஞ்சிருக்குது. காத்து போகாட்டி பெட்ரோல் வராதுங்க. ரோட்டுல யாரு பாத்தாலும் தெரியாதுங்க."

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றேன். அவர் சொன்னார். அதைக் கேட்க வேண்டியவர் போய் நாற்பது நாளாகியிருந்தது.