ஒன்பது மணி ஆறு நிமிடம்

மருத்துவமனைக் கட்டிலருகே நின்று சொட்டு மருந்தை அளந்து ஏற்றுமே, அந்தப் பம்புக்குள் இருக்கும் சின்ன சிப்புக்கு ப்ரோகிராம் எழுதுவதுதான் அவள் வேலை. பதினெட்டு வருடமாக. கம்பெனியில் அவளுக்குப் பெயர் பம்பு அக்கா. வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

வீட்டுக்காரர் தையல்காரர். ஒருநாள் அவருக்கு விளக்கினாள்: முழு எண்ணை வைக்க ஒரு பெட்டி வேண்டும், பழைய மொழியில் ‘இன்ட்’ என்று எழுதினால் போதும், பெட்டி எவ்வளவு பெரிது என்பது அந்தந்த சிப்பின் இஷ்டம். அவர் ஊசியில் நூல் கோத்தபடியே, "ஃப்ரீ சைஸ்னு சொல்லு. அது ஒருத்தருக்கும் சரியா இருக்காதே" என்றார். அளவெடுத்தே காலம் தள்ளுகிற மனுஷனுக்கு வேறென்ன தோன்றும் என்று சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

அப்புறம் புது மாடல் பம்பு வந்தது, அதற்குப் புது மொழி. அதுவோ சரியான பிடிவாதம். வெறும் இன்ட் என்று மொட்டையாகச் சொன்னால் கேட்காது. பதினாறா, முப்பத்திரண்டா, அறுபத்துநான்கா, பெட்டி எத்தனை பிட் அகலம் என்று பெயரோடு சேர்த்தே எழுத வேண்டும். பழைய ப்ரோகிராமை அதற்கு மாற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மருந்து ஏறும் நொடிகளை எண்ணும் வரிக்கு வந்தாள். எத்தனை என்று போடுவது? பழைய இன்ட் மேசைக் கணினியில் முப்பத்திரண்டு. பழைய பம்பின் சிப்பில்? கையேட்டைப் புரட்டினாள். பதினாறு.

அந்தப் பெட்டி முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரைதான் தாங்கும். நொடியில் கணக்குப் போட்டால் ஒன்பது மணி ஆறு நிமிடம். அதைத் தாண்டினால் எண் குப்புற விழுந்து மைனஸுக்குப் போகும். பம்பு, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்து, தொடக்கத்தில் மொத்தமாக ஏற்றும் பெரிய முதல் டோஸை மறுபடி கொடுக்கும். சோதித்ததெல்லாம் மேசைக் கணினியில். பம்பில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்ததோடு சரி. எல்லோரும் எட்டு மணி நேரத்துக்குள் கழற்றிவிட்டதால் இத்தனை நாள் பிழைத்தது.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். நல்லவர்தான், ஆனால் தொடைநடுங்கி. முதலில் இங்கே ஒன்றை ஓட்டிப் பார்ப்போம், வெளியே தெரிந்தால் பேர் கெட்டுவிடும், உன் வேலைக்கும் நான் பொறுப்பில்லை என்று இழுத்தார். பழைய பம்பு இப்போது புழக்கத்தில் இருப்பது ஒரே ஒரு ஆஸ்பத்திரி வார்டில்தான்; அவர் முன்னாலேயே அந்த வார்டு நர்ஸுக்கு ஃபோன் போட்டாள். ஏழு பம்பில் ஒன்றுதான் ஓடுகிறதாம். காலை எட்டு மணிக்குப் போட்டது, பன்னிரண்டு மணி நேர மருந்து. கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால்.

"அதை இப்பவே நிறுத்திட்டு, கையால சொட்டு வைங்க சிஸ்டர். தப்பு மிஷின்ல இருக்கு. எழுதினது நான்தான்."

நர்ஸ் உடனே நிறுத்திவிட்டார். அத்தோடு போயிருக்கலாம், மனசு கேட்டால்தானே? பஸ் பிடித்து ஓடினாள். கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். அணைந்த பம்பை அவள் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு யார் என்று கேட்டார். ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள்: எண்ணுக்குச் சின்னப் பெட்டியாகக் கொடுத்துவிட்டேன், அஞ்சு மணி ஆறு நிமிஷத்துக்கு உங்கள் உடம்பில் இன்னொரு டோஸ் ஏறியிருக்கும், தாங்கியிருக்க மாட்டீர்கள்.

பெரியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி அஞ்சே முக்கால் ஆச்சு, நான் இருக்கேனேம்மா," என்றார். "உக்காரு. உனக்குத்தான் மூச்சு வாங்குது."

அவள் உட்கார்ந்து, முன்பின் தெரியாத அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.