மோட்டார் பெட்டிக்கு ஒரு கையெழுத்து

தோட்டத்து மோட்டாரைச் செல்போனில் ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி இருக்கிறதே, அதற்குள் ஓடும் புரோகிராமை சி மொழியில் எழுதுவதுதான் தேனியில் என் பிழைப்பு. சி மொழியில் மாட்டிக்கொண்டு விழிக்கும் மற்றவர்களுக்கு என் பாடு சொல்லாமலே தெரியும். தெரியாதவர்களுக்காக: நாங்கள் அனுப்பும் புது புரோகிராம் எங்களுடையதுதானா என்று பெட்டி சரிபார்க்க, அதில் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். அதற்கென்றே யாரோ ஒரு புண்ணியவான் எந்த எலெக்ட்ரானிக் சில்லிலும் ஓடுகிற மாதிரி ஒரு குட்டி லைப்ரரியை, அதாவது அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ரெடிமேட் புரோகிராமை, எழுதி இலவசமாக விட்டிருக்கிறார். அதைப் பெட்டியில் சேர்த்தது நான்.

பூஜ்ஜியம் என்றால் சரி

கையெழுத்து சரியென்றால் அந்த லைப்ரரி பூஜ்ஜியம் தரும்; தப்பென்றால் மைனஸ் ஒன்று. சி மொழிக்கோ பூஜ்ஜியம் என்றால் 'இல்லை', வேறு எதுவானாலும் 'ஆமாம்'. குறிப்பைப் படிக்காமல் நான் தலைகீழாக எழுதிவிட்டேன். எங்கள் புரோகிராமைப் பெட்டி ஏன் தள்ளுகிறது என்று ஒரு முழு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கும் செல்வி, விளையாட்டாகத் தன் வீட்டு மளிகை லிஸ்டைப் பெட்டிக்கு அனுப்பிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, நம்ம புரோகிராமை வாசல்லயே நிப்பாட்டிருச்சு. என் மளிகை லிஸ்ட வாங்க வாங்கன்னு உள்ள கூட்டிட்டுப் போயிருச்சு!"

பார்த்தது குற்றமா

எந்த நேரத்தில் மோட்டார் ஓட வேண்டும் என்கிற பட்டியலையும் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புவோம். சின்னமனூர் டீலருக்கு அனுப்பிய பட்டியலைப் பெட்டி ஏற்கவில்லை. அங்கே வாழை காய்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், டீலர் அதைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து சேமித்திருக்கிறார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து சேர்ந்திருந்தது. ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்து செல்லாது. அசல் பட்டியலை ஏற்றியதும் தண்ணீர் பாய்ந்தது. டீலருக்குத்தான் மனசு ஆறவில்லை. "தொறந்து பாத்தேன், மூடுனேன், அம்புட்டுத்தேன். பாத்தாலே கோவிச்சுக்கிற கையெழுத்த இன்னைக்குத்தேன் பாக்குறேன்!"

ஒரு வார்த்தை கேட்கணும்ல

கெங்குவார்பட்டியில் ஒரு மாந்தோப்புக்காரர். பெட்டிக்குப் புது புரோகிராம் வந்ததாகக் கேள்விப்பட்டு ஆபீசுக்கே வந்துவிட்டார். "மோட்டார் என்னுது, கெணறு என்னுது. கையெழுத்து மட்டும் ஒன்னுதா? ஆபீசுல போட்டாகன்னா நான் ஒத்துக்கிறணுமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அதன்பிறகு, கையெழுத்து சரியாக இருந்தாலும் தோட்டக்காரருக்குப் போன் போகும். அவர் ஒன்றாம் எண்ணை அமுக்கினால்தான் புரோகிராம் ஏறும் என்று மாற்றினேன். முதல் போன் அவருக்குத்தான். அமுக்கிய கையோடு என்னைக் கூப்பிட்டார். "ஒன்ன அமுக்கிட்டேன் ஆத்தா. ஆனா உடனே இல்ல, செத்த நேரம் காக்க வச்சுத்தேன் அமுக்குனேன்."

சாவி

இது சிரிக்கிற விஷயமில்லை. கையெழுத்துப் போடுவதற்கான ரகசியச் சாவி, ஒரு நீளமான எண், ஒரே ஒரு பென்டிரைவில் இருந்தது. நகல் எடுக்க வேண்டியவள் நான், எடுக்கவில்லை. பென்டிரைவ் செத்தது. கிணறு வற்றியதும் மோட்டாரை நிறுத்தும் திருத்தத்தை அந்த வாரம் அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார்கள் கருகும். சாவி இல்லாமல் எதையும் அனுப்ப முடியாது. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "திட்டுறத அப்புறம் வச்சுக்கிறேன். முதல்ல கெளம்பு" என்றார்.

நானும் ஃபிட்டர் பாண்டியும் பைக்கில் தோட்டம் தோட்டமாகப் போய், ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, ஒயர் செருகிப் புதுச் சாவிக்கு மாற்றி, அந்தத் திருத்தத்தையும் ஏற்றினோம். ஒரு மோட்டாரும் கருகவில்லை. கடைசித் தோட்டம் பண்ணைப்புரத்தில், ராசாத்தி என்பவருடையது. எத்தனையோ தடவை போனில் என்னைத் திட்டியவர். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இளநீரை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "போன்ல கேட்ட கொரலுக்கு இன்னைக்குத்தேன் மொகம் கெடச்சிருக்கு. வருசத்துக்கு ஒருக்கா இப்பிடித் தொலைச்சுப்பிட்டு வா, தாயி."

யாராலும் உடைக்க முடியாத லைப்ரரி என்று அதைச் சொல்கிறார்கள். உண்மைதான், இத்தனை நடந்தும் ஒரு தப்புகூட அதன் பேரில் இல்லை, எல்லாம் என் பேரில்.